எறிபிழையும் பிழை காணும் நெறியும்

1. நோக்கம்

குற்றங் காண்டல் எளிது. கண்ட குற்றம் எவ்வகையைச் சார்ந்தது, எவரைச் சார்ந்தது என்று வரையறுத்தல் அரிது. இவ்வேறுபாட்டினை ஓராது செய்யப்படும் திறனாய்வு, நூலைப் பற்றியதாயினும் ஆகுக, ஆட்டத்தைப் பற்றியதாயினும் ஆகுக, தீர்ப்பாக முடியுமேயன்றி ஆய்வாக அமையாது. அமெரிக்க நாட்டினர் தமக்கே உரிய கால்பந்தாட்டத்தில், இளம் ஆட்டக்காரர் ஒருவர் பந்தெறிவதில் செய்யும் பிழைகளைக் குறித்து ஆண்டுதோறும் நிகழ்த்தும் சொற்போர் இவ்வுண்மைக்குத் தக்கதொரு சான்றாகும். அச்சொற்போரினை ஒரு திறனாய்வு வழக்காகக் கொண்டு, அதன்கண் அமைந்த நெறியினையும் நெறி பிறழ்ச்சியினையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டம் பற்றிய பேச்சு தமிழாய்வு ஏட்டில் இடம்பெறுதல் பொருந்துமோ என வினவுவார் உளராயின், அவர்க்கு யாம் கூறும் விடை இது: எண்ணிக்கை, ஒப்பீடு, சொல்லாராய்ச்சி, மேற்கோளாட்சி, செய்தவன் கருத்தை உய்த்துணர்தல் என்னும் ஐந்தும் இலக்கியத் திறனாய்வாளரின் கருவிகள். அவ்வைந்தனையும் அவ்வாட்டத்தின் ஆர்வலர் நாள்தோறும் கையாளுகின்றனர். அவர் கையில் அவை எங்ஙனம் மழுங்குகின்றன என்று காண்போமாயின், நம் கையில் அவை மழுங்கும் இடமும் நமக்குப் புலப்படும்.

ஆய்வு பரந்துபடாதிருத்தற்பொருட்டு, நியூயார்க் ஜெட்ஸ் அணியில் 2018 முதல் 2020 வரை ஆடிய சாம் டார்னல்ட் என்பவரைப் பற்றிய வழக்கினை நடுவணதாகக் கொள்வோம். பிறர் வரலாறுகளை அதற்குத் துணையாகக் கொணர்வோம்.

2. ஆட்டத்தின் இயல்பு

அமெரிக்கக் கால்பந்து பெயரளவிலேயே கால்பந்து. அதன்கண் பந்து பெரும்பாலும் கையாற் சுமக்கப்பட்டோ கையால் எறியப்பட்டோ முன்னேறும். பக்கத்திற்குப் பதினொருவர் களத்தில் நிற்பர். எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தினைக் கொண்டுசேர்த்தல் டச்டவுன் எனப்படும். பந்தினை முன்னோக்கி எறிதல் 1906-ஆம் ஆண்டில் விதியால் ஏற்கப்பட்டது. நாளடைவில் அவ்வாறு எறியும் பொறுப்பு குவார்ட்டர்பேக் எனப்படும் ஒருவரையே சாரலாயிற்று. அவரை எறிவாளர் என ஈண்டுக் குறிப்போம்.

பந்து கைக்கு வந்தபின் எறிவாளர்க்குக் கிடைக்கும் காலம் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நொடிகளே. அதற்குள், தம்மை வீழ்த்த விரைந்து வருவாரை அவர் உணர்தல் வேண்டும். எதிரணியினர் எம்முறையிற் காவல் வகுத்துள்ளனர் என்று தெளிதல் வேண்டும். பந்தேற்கும் தம்மவருள் யாவர் தனித்து நிற்கப்போகின்றார் என ஓர்தல் வேண்டும். அவர் நிற்கும் இடத்திற்கன்றிப் பந்து சென்று சேரும் கணத்தில் அவர் நிற்கப்போகும் இடத்திற்கு எறிதல் வேண்டும். எறிந்த பந்தை எதிரணியினர் பற்றிக்கொள்வராயின் அது இன்டர்செப்ஷன் ஆகும். அதனை இடைமறிப்பு என வழங்குவோம். இடைமறிப்பால் பந்தும் போகும், ஆடும் முறையும் போகும். சில வேளைகளில் பந்தைப் பற்றியவர் அப்படியே ஓடிச்சென்று டச்டவுன் பெறுதலும் உண்டு. ஆகவே ஆட்டப் பிழைகளுள் இதனினும் கண்கூடானதும் கொடியதும் அரிது. காரணம் யாதாயினும் அது எறிவாளர் பெயரிலேயே எழுதப்படும் என்பதும் கருதத்தக்கது.

3. வழக்கும் அதன் இரு கட்சியும்

ஜெட்ஸ் அணி 1969 சனவரியில் மூன்றாம் சூப்பர் பவுல் போட்டியில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியை 16-7 என்னும் கணக்கில் வென்றது. அன்று அதன் எறிவாளராக விளங்கியவர் ஜோ நேமத். அதன்பின் அவ்வணி அவ்விறுதிப் போட்டியை எட்டியதே இல்லை. ஆதலின் அவ்வணிக்கு வரும் இளம் எறிவாளர் ஒவ்வொருவரும், அரை நூற்றாண்டுக் காத்திருத்தலின் சுமையைத் தோளில் ஏற்றே களம் புகுகின்றார். 1987-ஆம் ஆண்டில் விளையாட்டுக்கென்றே அந்நகரில் தொடங்கிய டபிள்யூ.எஃப்.ஏ.என். வானொலியில் ஆர்வலர் தொலைபேசி வாயிலாக வழக்காடுதல் அவ்வூரின் மரபு. அங்கும் அரங்கின் இருக்கைகளிலும் மதுக்கடைகளிலும் அச்சுமையே சொல்லாக வெளிப்படும்.

டார்னல்ட் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 2018-ஆம் ஆண்டுத் தேர்வில் மூன்றாமவராக எடுக்கப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் அவர் முதன்முறை ஆடியபோது அவர்க்கு அகவை இருபத்தொன்று. இரு சங்கங்கள் 1970-இல் ஒன்றிணைந்த பின்னர், பருவத்தின் முதற்போட்டியைத் தொடங்கிய எறிவாளருள் அவரே மிக இளையர். அவர் எறிந்த முதற்பந்து, வலப்புறம் ஓடிக்கொண்டே உடலுக்குக் குறுக்காகக் களத்தின் இடப்புறத்திற்கு எறியப்பட்டது. குவாண்ட்ரி டிக்ஸ் என்னும் எதிரணியினர் அதனைப் பற்றி 37 கெசம் ஓடி டச்டவுன் ஆக்கினார். ஆயினும் அன்றைய போட்டியில் ஜெட்ஸ் 48-17 என வென்றது. டார்னல்டும் 21 எறிவுகளுள் 16-ஐ நிறைவேற்றினார்.

இவ்வொரு நாள் நிகழ்ச்சியிலேயே இரு கட்சியும் முளைத்தமை காண்க. குற்றஞ்சாட்டுவார், இஃது இவரது பிறவிக் குணம் என்றனர். பல்கலைக்கழகத்தில் 2017-ஆம் ஆண்டில் 13 இடைமறிப்புகள் எறிந்தமையைச் சான்றாகக் காட்டினர். காப்பார், முதலெறிவே பகைவர் கைப்பட்டும் கலங்காது மீண்டமையே இவர் குணம் என்றனர். பின் வந்த இருபது எறிவுகளைச் சான்றாகக் காட்டினர். பருவத்தின் முடிவில் அவர் கணக்கு 17 டச்டவுன், 15 இடைமறிப்பு என நின்றது. அணியோ 4 வெற்றியும் 12 தோல்வியும் பெற்றது. அவரைப் பயிற்றிய டாட் பவுல்ஸ் நீக்கப்பட, 2019-இல் ஆடம் கேஸ் பொறுப்பேற்றார். இரண்டாம் ஆண்டிலேயே இளைஞர் புதியதோர் ஆட்டமுறையைக் கற்க நேர்ந்தது. இதனையும் ஒரு கட்சியார் காரணம் என்றனர். மறு கட்சியார் சாக்கு என்றனர்.

இவ்விரு கட்சியாரும் ஒரே வினாவிற்கு மாறுபட்ட விடை கூறுவார் போலத் தோன்றினும், உண்மையில் அவர் எடுத்துக்கொண்ட வினாக்களே வேறு. முன்னவர் வினா, நிகழ்ந்தது யாது என்பது. பின்னவர் வினா, அது நிகழ்ந்தது எதனால் என்பது. வினா வேறாகவே விடைகள் தம்முள் மோதுவதில்லை. வழக்கு ஆண்டுக்கணக்காக நீளுதற்கு இதுவே முதற் காரணம் என்பது எம் கருத்து.

4. எண்ணும் அதன் எல்லையும்

வழக்காடுவார் முதலில் நாடுவது எண். 1973-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியக் கால்பந்துச் சங்கம் எறிவாளர் தரமதிப்பு என ஒரு கணிப்பு முறையை ஏற்றது. நிறைவேறிய எறிவுகளின் வீதம், எறிவொன்றுக்குப் பெற்ற கெச அளவு, டச்டவுன் வீதம், இடைமறிப்பு வீதம் என்னும் நான்கும் அதன் உறுப்புகள். அதன் நிறைமதிப்பு 100 அன்று, 158.3 ஆகும். இவ்விந்தை எண்ணை ஆர்வலர் பலரும் மனப்பாடமாகவே அறிவர்.

இம்முறையிற் பயனில்லை என யாம் கூறோம். ஆயின் அது எண்ணுவது விளைவையேயன்றிச் செயலை அன்று. பந்தேற்பவரின் கையிற் பட்டுத் தெறித்துப் பகைவர் கை புகுந்த பந்தும், எறிவாளர் பகைவரைக் காணாது அவர் மார்பிலேயே எறிந்த பந்தும் அக்கணக்கில் ஒன்றே. தோல்வி உறுதியான இறுதி நொடியில் வேறு வழியின்றி நெடுந்தொலைவு எறிந்த பந்தும், வெற்றி கைகூடும் வேளையில் சோம்பலாக எறிந்த பந்தும் ஒன்றே. மறுதலையாக, பகைவர் கையில் நேரே சென்று விழுந்தும் அவர் நழுவவிட்ட பந்து, நிறைவேறாத எறிவு எனச் சிறு குறையாகவே எழுதப்படும். பிழைத்தவர் தப்புதலும் பிழையாதவர் சிக்குதலும் ஆகிய இரண்டிற்கும் எண் இடங்கொடுக்கின்றது.

ஆகவே எறிபிழையினை யாம் நான்காகப் பகுப்போம். பகைவர் நிற்றலைக் காணாமையாற் பிறப்பது காட்சிப் பிழை. கண்டும், தன் கைவன்மையை மிகையாக மதித்து எறிதலாற் பிறப்பது துணிவுப் பிழை. காட்சியும் துணிவும் செவ்விதாயிருந்தும் பந்து குறி தவறுவதாற் பிறப்பது கைப்பிழை. காப்பு வரிசை உடைதல், பந்தேற்பவர் வழிமாறி ஓடுதல், கைப்பட்டதை நழுவவிடுதல் என்னும் பிறர் குறையாற் பிறப்பது துணைப்பிழை. டார்னல்டின் முதலெறிவு இவற்றுள் துணிவுப் பிழையின்பாற்படும். ஓடிக்கொண்டே களத்தின் குறுக்கே நெடுந்தொலைவு எறிதல் ஆகாது என்பது எறிவாளர் முதலிற் கற்கும் பாடங்களுள் ஒன்று. கைவன்மையுடையாரே அதனை மீறத் துணிவர்.

இப்பகுப்பு எண்ணாற் கிட்டாது. ஆட்டப் பதிவினை மீண்டும் மீண்டும் கண்டு பொருள் கோடலாற் கிட்டுவது. 2012-ஆம் ஆண்டு முதல், களத்தில் நிற்கும் இருபத்திருவரையும் ஒருங்கே காட்டும் பதிவு பொதுமக்களுக்கும் கிடைக்கலாயிற்று. அதற்குமுன் அவர்க்கு வாய்த்தது, பந்தின் பின்னே ஓடும் தொலைக்காட்சிப் படமே. மேற்கோட் பாடல்களை மட்டும் கண்டு நூலை மதித்தவர்க்கு முழு ஏடும் கிடைத்தாற்போன்ற மாற்றம் அது. எனினும் முழு ஏடு கிடைத்த பின்னும் உரை வேறுபாடு ஒழியாதவாறு, முழுப் பதிவு கிடைத்த பின்னும் வழக்கு ஒழியவில்லை. ஏனெனில் எறிவாளர்க்கும் பந்தேற்பவர்க்கும் இடப்பட்ட கட்டளை யாது என்பது பதிவிற் காணப்படுவதன்று. பந்தேற்பவர் உள்நோக்கி ஓட, பந்து வெளிப்புறம் செல்லுமாயின், வழி தவறியவர் ஓடியவரோ எறிந்தவரோ என்று புறத்தே நிற்பார் உறுதி கூறல் இயலாது. செய்தவன் கருத்தினை உய்த்துணர்தலின் இடர்ப்பாடு இங்கும் நம்மைத் தொடர்கின்றது.

5. பேய் என்னும் சொல்

இவ்வழக்கின் வரலாற்றில் ஒரு சொல் பெற்ற இடம் தனியே ஆராய்தற்குரியது. 2019 அக்டோபர் 21-ஆம் நாள் இரவு, ஜெட்ஸ் அணி தன் அரங்கிலேயே நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியிடம் 33-0 எனத் தோற்றது. டார்னல்ட் 32 எறிவுகளுள் 11-ஐயே நிறைவேற்றினார், பெற்ற தொலைவு 86 கெசம், இடைமறிப்பு நான்கு, தரமதிப்பு 3.6. அன்று அவர் மேல் ஒலிவாங்கி பொருத்தப்பட்டிருந்தது. களத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்தபோது, தமக்குப் பேய்கள் தென்படுகின்றன என்னும் பொருள்பட அவர் கூறியதை ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சி நாடெங்கும் ஒலிபரப்பியது. அதனை வெளியிட்டமை குறித்து அணியினர் வருந்தினர். ஆயினும் சொல் பரவிவிட்டது.

குற்றஞ்சாட்டுவார் அச்சொல்லை அச்சத்தின் ஒப்புதலாகக் கொண்டனர். பேய் கண்டவன் அஞ்சியவன். அஞ்சியவன் தலைமைக்கு ஆகான் என்பது அவர் கொண்ட பொருள். ஆயின் அச்சொல் எறிவாளரிடையே வழங்கும் ஒரு குழூஉக்குறி. நன்னூலார் தகுதி வழக்கின் மூவகையுள் ஒன்றாகக் குழூஉக்குறியை வைத்தமை, ஒரு குழுவினரின் சொல்லுக்கு அக்குழுவினர் கொண்ட பொருளே பொருள் என்னும் நெறியை நமக்கு நினைவூட்டும். இல்லாத தாக்குதலை இருப்பதாக உணர்தல், எதிர்ப்பார் இல்லாத இடத்தில் இருப்பதாகக் காண்டல் என்பதே அவர் குழுவில் அச்சொல்லின் பொருள். அன்று பேட்ரியாட்ஸ் அணியினர், பலர் ஒருங்கே தாக்க வருவார் போல முன்வரிசையில் நின்று, சில வேளை அனைவரும் தாக்கியும், சில வேளை சிலர் பின்வாங்கிக் காவலில் நின்றும் எறிவாளரின் கணிப்பைக் குலைத்தனர். அந்நிலையில் டார்னல்ட் கூறியது, தம் பிழை எவ்வகையது என்று தாமே செய்த வகைப்பாடு. எம் பகுப்பின்படி அது காட்சிப் பிழை. ஓர் இளைஞர் தம் பிழையின் இயல்பைத் தாமே உணர்ந்து பயிற்றுவார்க்கு நேர்மையாக உரைத்தல், கற்போனுக்குரிய பண்பேயன்றிக் கோழையின் பண்பன்று.

எனினும் காப்பார் செய்த மறுப்பும் முற்றும் ஏற்கத்தக்கதன்று. அஃது வெறும் கலைச்சொல்லே என்று கூறி அவர் அமைந்தனர். கலைச்சொல்லாயினும் அது குறிக்கும் நோய் மெய்யானது. இல்லாததைக் காண்பவர் இருப்பதைக் காணார். சொல்லின் பொருளைத் திருத்திய அளவில் பிழை திருந்திவிடாது. ஒரு கட்சியார் சொல்லைத் திரித்தனர். மறு கட்சியார் சொல்லைத் திருத்திப் பொருளை விட்டனர்.

6. மேற்கோளாட்சியின் குறை

இளம் எறிவாளரைக் காப்பார் தவறாது எடுத்தாளும் மேற்கோள் ஒன்று உண்டு. பேய்ட்டன் மேனிங் 1998-இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியின் எறிவாளராக முதலாண்டில் 28 இடைமறிப்புகள் எறிந்தார் என்பதே அது. முதலாண்டினர் எவரும் இன்றுவரை அவ்வெண்ணை மிஞ்சவில்லை. அணி அவ்வாண்டு 3 வெற்றி, 13 தோல்வி. மறு ஆண்டே 13 வெற்றி, 3 தோல்வி. மேனிங் பின்னர் ஐந்து முறை சங்கத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதினைப் பெற்றார். ஆதலின் பிழை மிகுதி பெருமைக்குத் தடையன்று என்பது வாதம். இத்துடன் டிராய் எய்க்மன் 1989-இல் தாம் தொடங்கிய 11 போட்டிகளிலும் தோற்று, 9 டச்டவுனும் 18 இடைமறிப்பும் பெற்றுப் பின்னர் மூன்று சூப்பர் பவுல் வென்றமையும் எடுத்துக்காட்டப்படும்.

இம்மேற்கோள்கள் மெய்யே. ஆயின் இவற்றால் பெறப்படுவது யாது? பிழை மிகுந்தவர் உயர்தலும் கூடும் என்பது ஒன்றே. பிழை மிகுந்தவர் உயர்வர் என்பதன்று. அதே 1998-ஆம் ஆண்டுத் தேர்வில் மேனிங்கை அடுத்து இரண்டாமவராகச் சான் டியேகோ அணியால் எடுக்கப்பட்ட ரையன் லீஃப், முதலாண்டில் 2 டச்டவுனும் 15 இடைமறிப்பும் பெற்றார். பின்னும் அவர் உயரவில்லை. உயர்ந்தாரை மட்டும் நினைவிற்கொண்டு மறைந்தாரை மறத்தல், எஞ்சிய நூல்களை மட்டும் கண்டு அக்காலத்துப் புலவர் அனைவரும் வல்லர் என்பது போலாம். இறந்துபட்ட நூல்களும் அக்காலத்தனவே அன்றோ?

மேனிங்கின் 28-ஐப் பிறவற்றிலிருந்து பிரித்து நோக்குதலும் பிழையே. அவர் அவ்வாண்டு 575 முறை எறிந்தார். 26 டச்டவுன் பெற்றார். பதினாறு போட்டிகளையும் தாமே தொடங்கினார். லீஃப் எறிந்தது 245 முறை. வீதம் கண்டால், மேனிங்குக்கு ஏறத்தாழ இருபது எறிவுக்கு ஒன்றும், லீஃபுக்குப் பதினாறு எறிவுக்கு ஒன்றும் இடைமறிப்பாகும். இடைமறிப்பு வீதத்தில் இருவர்க்கும் இடைவெளி பெரிதன்று. ஆயின் ஆக்கத்தில் அஃது மிகப் பெரிது. ஆகவே 28 என்னும் எண் பிழையின் அளவு மட்டுமன்று. பிழைத்த பின்னும் மீண்டும் மீண்டும் எறியவிட்ட அணியினரின் நம்பிக்கைக்கும் அதுவே அளவு.

காலவேறுபாட்டையும் இம்மேற்கோளாளர் கருதுவதில்லை. ஜெட்ஸ் ஆர்வலர் போற்றும் ஜோ நேமத் தம் வாழ்நாளில் எறிந்த டச்டவுன் 173, இடைமறிப்பு 220. அதாவது பதினேழு எறிவுக்கு ஒன்று. டார்னல்டின் முதலாண்டு வீதமோ இருபத்தேழு எறிவுக்கு ஒன்று. இதனாற் டார்னல்ட் நேமத்தினும் வல்லர் என்று எவரும் கூறார். 1978-ஆம் ஆண்டில் பந்தேற்பவரைக் காவலர் இடித்துத் தடுத்தலை விதி சுருக்கியது, எறிதல் எளிதாயிற்று, பொதுவாகவே இடைமறிப்பு வீதம் தாழ்ந்தது. ஒரு காலத்து யாப்பளவினைக் கொண்டு மற்றொரு காலத்துச் செய்யுளை அளத்தலின் ஏதம் நாம் அறிந்ததே.

7. பின்விளைவால் முன்செயலை அளத்தல்

மேற்கூறியவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. டார்னல்டுடன் 2018-இல் தேர்வானவருள் ஜாஷ் ஆலன், ஜாஷ் ரோசன் என்னும் இருவரை ஒப்புநோக்குக. முதலாண்டில் பஃபலோ அணியின் ஆலன் 10 டச்டவுன், 12 இடைமறிப்பு. அரிசோனா அணியின் ரோசன் 11 டச்டவுன், 14 இடைமறிப்பு. நிறைவேறிய எறிவுகளின் வீதம் ஆலனுக்கு 52.8, ரோசனுக்கு 55.2. எறிவுக் கணக்கு ஒன்றையே நோக்குவார்க்கு இவ்விருவரும் ஏறத்தாழ ஒருவரே. ஆலன் பந்தைச் சுமந்து ஓடுதலிலும் வல்லர் என்பது உண்மை. ஆயினும் குறி தவறுதல் திருத்தவொண்ணாத குறை என்று அவரைப் பற்றிப் பலர் அறுதியிட்டுக் கூறினர்.

பின் நிகழ்ந்தது யாது? ஆலனை அவர் அணி விடாது பேணியது. 2019-இல் அவர் வீதம் 58.8 ஆயிற்று. 2020-இல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்னும் சிறந்த பந்தேற்பவர் வந்து சேர்ந்தார். அவ்வாண்டு ஆலனின் வீதம் 69.2 ஆயிற்று. 2024-ஆம் ஆண்டுப் பருவத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதும் அவர்க்கு வாய்த்தது. ரோசனின் அணியோ ஓராண்டிலேயே பயிற்சியாளரை நீக்கியது; 2019 தேர்வில் கைலர் மரேயை எடுத்தது; ரோசனை மயாமி அணிக்கு அனுப்பிவிட்டது. இன்று ஆலனின் பிழைகள் வளர்ச்சியின் படிகள் எனவும், ரோசனின் பிழைகள் வீழ்ச்சியின் அறிகுறிகள் எனவும் பேசப்படுகின்றன. பிழைகள் மாறவில்லை; அவற்றிற்குப் பின் நிகழ்ந்தவையே மாறின. முடிவினை அறிந்தபின் தொடக்கத்தில் அதனைப் படித்தெடுத்தல் அறிவு போலத் தோன்றும் மயக்கமாகும்.

இங்கேதான் இவ்வழக்கு வெறும் பொழுதுபோக்காக அன்றி நிற்கின்றது. நூலாசிரியர் பலர் திறனாய்வாளர் உரை கேளாத் தொலைவிற்குச் சென்றபின் மதிக்கப்படுகின்றனர். இளம் எறிவாளரோ மதிக்கப்படும்போதே ஆடிக்கொண்டிருக்கின்றார். அவரைப் பற்றிய மதிப்பீடு அவர்க்குக் கிடைக்கும் அடுத்த வாய்ப்பினை ஆக்கும் அல்லது அழிக்கும். வாய்ப்பு அழிந்தமையால் அவர் உயரவில்லையெனின், உயராமையே முன்னைய மதிப்பீட்டிற்குச் சான்றாகக் காட்டப்படும். தீர்ப்பே சான்றினைப் படைத்துக்கொள்ளும் இந்நிலை, ஆய்வாளர் அஞ்சத்தக்க நிலைகளுள் முதன்மையானது. ரோசன் பேணப்பட்டிருப்பின் உயர்ந்திருப்பாரோ என்னும் வினாவிற்கு விடை இல்லை. விடை இல்லை என்று ஒப்புதலே நேர்மை.

டார்னல்டின் வரலாறும் இதனையே வலியுறுத்தும். 2020-இல் அவர் 9 டச்டவுனும் 11 இடைமறிப்பும் பெற, அணி 2 வெற்றியும் 14 தோல்வியும் கண்டது. 2021 ஏப்ரலில் அவர் கரோலைனா அணிக்கு மாற்றப்பட்டார். 2023-இல் சான்பிரான்சிஸ்கோவில் மாற்று எறிவாளராக இருந்தார். 2024-இல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியில், முதலிடத்திற்கென எடுக்கப்பட்ட புதியவர் காயமுற்றமையால் இவர் களம் புகுந்தார். 35 டச்டவுன், 12 இடைமறிப்பு. அணிக்கு 14 வெற்றி, 3 தோல்வி. காப்பார், யாம் அன்றே கூறினோம் என்றனர். ஆயின் 2025 சனவரியில் இறுதிச்சுற்றின் முதற்போட்டியில் அவர் ஒன்பது முறை வீழ்த்தப்பட்டு, அணி 27-9 எனத் தோற்றது. உடனே பழைய பேயினை மீண்டும் எழுப்பிக் குற்றஞ்சாட்டுவாரும், யாம் அன்றே கூறினோம் என்றனர்.

இருவரும் அன்று கூறியது யாது? 2018-இல் ஒருவர் கூறியது, இவர் திருந்தார் என்பது; மற்றவர் கூறியது, திருந்துவார் என்பது. எவ்வகைப் பிழை, எந்நிலையில், எவர் துணையால் திருந்தும் என்று பெரும்பாலார் கூறினாரல்லர். ஆதலின் பின் எது நிகழினும் அஃது இருவர்க்கும் சான்றாயிற்று. எதனாலும் பொய்யாகாத கூற்று எதனையும் உணர்த்தாது.

8. முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படும் நெறிகளைத் தொகுத்துக் கூறுவோம். பிழையினை எண்ணுமுன் வகைப்படுத்துக. வகைப்படுத்துங்கால் செய்தவனுடன் சூழலையும் சேர்த்துக் காண்க. சொல்லொன்றைச் சான்றாக எடுக்குங்கால் அது வழங்கிய குழுவின் பொருளையே கொள்க. கொண்டபின் பொருளை விடாது பற்றுக. மேற்கோள் காட்டுங்கால் உயர்ந்தாருடன் வீழ்ந்தாரையும் காட்டுக. இறுதியாக, எது நிகழ்ந்தால் என் கருத்தினை மாற்றிக்கொள்வேன் என்பதை முன்னரே கூறுக. அங்ஙனம் கூறாதார் செய்வது சார்பு; கூறியவர் செய்வதே திறனாய்வு.

இந்நெறிகள் பிழை பொறுக்கும் மென்மையிலிருந்து பிறந்தன அல்ல என்பதையும் குறித்தல் வேண்டும். துணிவுப் பிழை மிகுந்தவரைக் கைப்பிழை உடையவராகக் கருதி இரங்குதலும் தீங்கே. அவர்க்கு வேண்டும் பாடம் வேறு. பிழையின் வகையைச் செவ்விதின் உணர்ந்து கூறுபவரே பிழைத்தவர்க்கு உதவியவர் ஆவர்.

தம் முதல் ஆய்வேட்டினைக் கையிலேந்தி நம்முன் நிற்கும் மாணாக்கரும் ஒருவகையில் இளம் எறிவாளரே. அவர் ஏட்டிலுள்ள பிழைகளை எண்ணிச் சிவப்பு மையால் ஓரத்திற் குறித்தல் அரை நாழிகைப் பணி. அவற்றுள் காணாமையாற் பிறந்தவை யாவை, மிகைத் துணிவாற் பிறந்தவை யாவை, கை தேராமையாற் பிறந்தவை யாவை, நூலும் ஆசிரியரும் உரிய காலத்தில் துணைநில்லாமையாற் பிறந்தவை யாவை என்று பிரித்துரைத்தல் அதனினும் நெடிய பணி. அப்பணியைச் செய்யாது நாம் வழங்கும் மதிப்பெண், எறிவாளர் தரமதிப்பினைப் போலவே, புள்ளிக்குப் பின்னும் ஓர் இலக்கம் உடையதாய், திருந்தும் வழியினை மட்டும் கூறாததாய் முடியும்.